மலையகத்துப் புது வீட்டுக் குசினி: தரை, சுவர், மேடை, பென்ட்ரி தேர்ந்தெடுக்க முழுமையான வழிகாட்டி

ஹட்டனிலோ பண்டாரவளையிலோ டைல்ஸ் கடைக்குப் போகுமுன், வீட்டின் பின்பக்கம் போய் நின்று பாருங்கள். மலையகத்தில் பெரும்பாலான வீடுகளின் முன்வாசல் பள்ளத்தைப் பார்த்திருக்கும். பின்னால் வெட்டிய மண் திட்டு. குசினி அந்தத் திட்டை ஒட்டித்தான் அமைகிறது. மழைக்காலத்தில் திட்டு குடித்த தண்ணீர் முதலில் தேடி வருவது குசினிச் சுவரையும் தரையையும். என்ன விலை கொடுத்து வாங்கிய டைல்ஸாலும் கீழிருந்து ஏறும் ஈரத்தைத் தடுக்க முடியாது. ஒரே பருவத்தில் இடுக்கெல்லாம் வெள்ளையாக உப்புப் பூத்து, இரண்டாம் பருவத்தில் டைல்ஸ் கலகலத்துவிடும். ஆகவே முதலில் தண்ணீர், பிறகு அடுப்பு, அதன் பிறகு தரையின் அடித்தளம். நிறமும் பளபளப்பும் அதற்கு அப்புறம். காசு குறைவாக இருந்தால் பின்னால் மாற்றக்கூடியதில் குறையுங்கள். பென்ட்ரி என்னும் குசினி அலுமாரியின் கதவை ஐந்து வருடம் கழித்தும் மாற்றலாம். தரைக்கு அடியில் போடாத பொலித்தீனை யாராலும் பிறகு போட முடியாது.

இந்திய உதவியோடு தோட்டங்களில் கட்டப்பட்ட தனி வீடுகள் பல 7 பேர்ச்சஸ் காணியில் 550 சதுர அடி கொண்டவை. அந்த அளவு வீட்டை மனதில் வைத்து, கீழே உள்ள கணக்கெல்லாம் 10 அடிக்கு 8 அடி, அதாவது 80 சதுர அடிக் குசினிக்குப் போடப்பட்டிருக்கிறது. உங்கள் குசினி 100 சதுர அடி என்றால் எல்லாவற்றையும் ஒன்றேகாலால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

முதல் வேலை: பின்பக்கத்துக் கான்

திட்டுக்கும் சுவருக்கும் நடுவில் ஆள் நடந்து துப்புரவு செய்ய இடம் வேண்டும். அங்கே சீமெந்துக் கான் (வடிகால்) ஓட வேண்டும். கானின் அடிமட்டம் குசினித் தரையை விடக் குறைந்தது 6 அங்குலம் கீழே இருக்கட்டும். வாட்டம் (தண்ணீர் ஓடுவதற்கான சரிவு) 100 அடிக்கு 1 அடி போதும். 30 அடி நீள வீட்டுக்கு அது ஏறத்தாழ 3½ அங்குல இறக்கம். கூரைத் தண்ணீரைப் பீலி வைத்து இறக்கி அந்தக் கானில் விடுங்கள். சுவரோரம் சொட்ட விட்டால் தெறிக்கும் சேறு ஓரடி உயரம் வரை பூச்சை அரித்துவிடும். இடம் போதவில்லை என்று திட்டை இன்னும் உள்ளே வெட்ட வேண்டாம். மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் அதைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆலோசனை இல்லாமல் தொடக்கூடாது.

தரை ஏற்கனவே போட்டாயிற்று என்றால் ஈரம் ஏறுகிறதா என்று சோதிக்கலாம். ஒன்றரை அடிச் சதுரமாகத் தெளிந்த பொலித்தீன் ஒன்றை வெட்டி, நான்கு ஓரத்தையும் டேப் போட்டுத் தரையோடு ஒட்டுங்கள். ஒரு நாள் முழுக்க விட்டு உரித்துப் பாருங்கள். அடியில் வியர்வை முத்து முத்தாக நின்றாலோ சீமெந்து கறுத்திருந்தாலோ அந்தத் தரை இன்னும் தயாராகவில்லை. திட்டுப் பக்கம் ஒன்று, நடுவில் ஒன்று, வாசற்பக்கம் ஒன்று என மூன்று இடத்தில் செய்யுங்கள். திட்டுப் பக்கம் மட்டும் நனைந்தால் குற்றம் கானில். மூன்றும் நனைந்தால் கொங்கிரீட் இன்னும் காயவில்லை, அல்லது அடியில் பொலித்தீன் இல்லை.

இரண்டாவது: எந்த அடுப்பு, எங்கே?

கேஸ் இருந்தாலும் மலையகத்து வீட்டில் விறகடுப்பு அணைவதில்லை. கவ்வாத்து மிலாறு (தேயிலைச் செடியில் வெட்டிய குச்சி) கிடைக்கும் வரை வெந்நீரும் ரொட்டியும் அதில்தான். ஆகவே குசினியை இரண்டாகப் பிரித்து யோசியுங்கள்: புகையும் நெருப்பும் உள்ள பக்கம் ஒன்று, கேஸும் சிங்கும் உள்ள பக்கம் ஒன்று. இரண்டுக்கும் ஒரே தரை, ஒரே சுவர் போடுவதுதான் பெரும்பாலான தவறுகளுக்கு மூலம்.

விறகடுப்பு மேடையிலும் அதன் முன்னால் 3 அடி வரையிலும் டைல்ஸ் வேண்டாம். நெருப்புக் கொள்ளி விழுந்தால் டைல்ஸின் மேல்பூச்சு வெடிக்கும். சூடான இடத்தில் தண்ணீர் சிந்தினால் நடுவே கீறல் ஓடும். அடுப்பைச் செங்கல்லும் களிமண் கலவையும் கொண்டு கட்டுங்கள். சீமெந்துச் சாந்து தொடர்ந்து சூடு பட்டால் பொடிந்து உதிரும். அனகி அடுப்பு (விறகு மிச்சப்படுத்தும் களிமண் அடுப்பு) வைப்பவர்களும் சுற்றிலும் களிமண்ணால்தான் பூச வேண்டும். வீட்டைச் சுற்றி அதிகம் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்து, அதற்கு எதிர்ப்பக்கச் சுவரில் புகைபோக்கி வையுங்கள். காற்று வரும் பக்கமே வைத்தால் புகை உள்ளேயே திரும்பும்.

குளிருக்குப் பயந்து எல்லா ஜன்னலையும் மூடிக்கொண்டு விறகு எரிப்பது உயிருக்கே ஆபத்து. கார்பன் மொனொக்சைட்டுக்கு வாசனை கிடையாது. அடுப்புக்கு மேலே, கூரை விளிம்பை ஒட்டி, மூட முடியாத காற்றுத் துவாரம் ஒன்று கட்டாயம் வையுங்கள். கேஸ் காற்றை விடக் கனமானது. கசிந்தால் தரையோடு தங்கும். எனவே 12.5 கிலோ சிலிண்டரைப் பென்ட்ரிக்குள் அடைப்பதானால் அந்தப் பெட்டியின் அடியில், தரை மட்டத்தில், வெளிச்சுவர் வழியாகத் துவாரம் வேண்டும். அதில் எலி வராமல் கம்பி வலை அடியுங்கள்.

மூன்றாவது: தரைக்கு அடியில்

நிரப்பிய மண்ணை 6 அங்குலத்துக்கு ஒரு தடவை தண்ணீர் தெளித்து இடியுங்கள். சரிவில் கட்டும் வீட்டில் பாதித் தரை வெட்டிய மண்மீதும் பாதித் தரை நிரப்பிய மண்மீதும் இருக்கும். நிரப்பிய பாதி இறங்கும்போது, இரண்டும் சேரும் கோட்டில் டைல்ஸ் நேர்கோடாகப் பிளக்கும். அந்த இடத்தை இப்போதே அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

இடித்த மண்மேல் 4 அங்குலம் உடைகல், கல் இடுக்கை மறைக்கக் கொஞ்சம் மணல், அதன் மேல் 1000 கேஜ் பொலித்தீன். பொலித்தீன் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஓரடி ஏறி நிற்க வேண்டும். சுவரோரம் 6 அங்குலம் மேலே மடித்து விடுங்கள். அதற்கு மேல் 3 அங்குலம் 1:3:6 (சீமெந்து, மணல், கல்) கொங்கிரீட். 80 சதுர அடிக்கு 20 கன அடி கொங்கிரீட் வரும்: 50 கிலோ சீமெந்து 2½ மூட்டை, மணல் 10 கன அடி, முக்கால் அங்குலக் கல் 19 கன அடி. மணலும் கல்லும் கியூப் கணக்கில்தான் விற்பார்கள். ஒரு கியூப் 100 கன அடி என்பதால் மணல் பத்தில் ஒரு பங்கு, கல் ஐந்தில் ஒரு பங்கு போதும்.

மணலைப் பார்க்காமல் இறக்க வேண்டாம். போத்தலில் பாதிக்கு மணல் போட்டு, தண்ணீர் நிரப்பிக் குலுக்கி 3 மணி நேரம் வையுங்கள். மணலின் மேல் படியும் சேற்று அடுக்கு மணல் உயரத்தில் நூற்றுக்கு 8 பங்கைத் தாண்டினால் அந்த மணலைக் கழுவ வேண்டும், அல்லது திருப்பி அனுப்ப வேண்டும். சேறு கலந்த மணலில் போட்ட தரை காய்ந்ததும் துடைக்கத் துடைக்கத் தூள் வரும்.

கொங்கிரீட் மேல் 1:3 (சீமெந்து, மணல்) சாந்தில் ஒன்றேகால் அங்குல மட்டப்பூச்சு. அதற்கு இன்னும் 2½ மூட்டை சீமெந்து. வாட்டத்தை இதிலேயே கொடுத்துவிடுங்கள், பின்கதவை நோக்கி 10 அடிக்கு 1¼ அங்குலம். குசினித் தரை ஹோல் தரையை விட அரை அங்குலம் தாழ்ந்திருந்தால் சிந்திய தண்ணீர் படுக்கையறை வரை போகாது.

ஒரு வாரம் நனைய வைத்த பிறகு காய விடுங்கள். நல்ல வெயிலில் ஒரு மில்லிமீற்றர் கனம் காய ஒரு நாள் என்பது பொதுக் கணக்கு. மேலே சொன்ன பூச்சுக்கு அது ஒரு மாதம். மூடுபனி இறங்கும் இடங்களில் ஒன்றரை மாதமும் ஆகும். கினிகத்தேனை, வட்டவளை, நோட்டன்பிரிட்ஜ் பக்கம் வருடத்துக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை; அங்கே மே முதல் செப்டெம்பர் வரை தரை வேலை எடுக்காதீர்கள். ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியாவுக்கு ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். ஊவாப் பக்கம், பதுளை, பண்டாரவளை, அப்புத்தளையில், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. நுவரெலியாவில் ஜனவரியில் மழை குறைவுதான், ஆனால் இரவில் தரையில் உறைபனி படியும். 10 பாகைக்குக் கீழே சீமெந்து இறுகுவது வெகுவாக மந்தமாகும். அந்த மாதத்தில் வேலையைக் காலை 9 மணிக்குத் தொடங்கி 2 மணிக்கு முடித்து, சாக்குப் போட்டு மூடுங்கள்.

நான்காவது: தரைக்கு எது?

இனிக் கடைக்குப் போகலாம். மாபிள் என்று நம் ஊரில் பலர் சொல்வது டைல்ஸைத்தான். உண்மையான மாபிள் குசினிக்கு ஆகாது. தேசிக்காய்ச் சாறும் கொறுக்காய்ப் புளியும் பட்ட இடம் மங்கிப்போகும், தேய்த்தாலும் திரும்பாது.

கேஸ், சிங் உள்ள பக்கத்துக்கு எங்கள் தேர்வு 40 சென்ரிமீற்றர் சதுர மெட் (பளபளப்பில்லாத) டைல்ஸ். 60 சென்ரிமீற்றர் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் நான்கு டைல்ஸ் கொண்ட ஒரு பெட்டி 30 கிலோ அளவில் வரும். லொறி நிற்கும் ரோட்டிலிருந்து படிக்கட்டில் தோளில் சுமந்து இறக்கும்போதே மூலை உடையும். சிறிய குசினியில் வெட்டுத்துண்டும் அதிகம் வீணாகும். பெட்டியில் மூன்று விடயம் பாருங்கள். வழுக்கல் அளவு ஆர் 10 அல்லது அதற்கு மேல். பின்கதவருகே ஆர் 11. தேய்மான அளவு பி.இ.ஐ. 4. நீர் உறிஞ்சல் குறைவாக இருப்பது நல்லது. போர்சலின் என்றால் நூற்றுக்கு 0.5க்குக் கீழே. பளபளக்கும் டைல்ஸ் கடை விளக்கில் கண்ணைப் பறிக்கும். மூடுபனி கதவு வழியாக உள்ளே வந்து குளிர்ந்த தரையில் வியர்த்து நிற்கும் காலையில் அதில் வெறுங்காலோடு நடக்கப் போவது வீட்டுப் பாட்டி. அதை நினைத்து வாங்குங்கள். நிறத்தில் வெள்ளையும் கறுப்பும் இரண்டுமே தொல்லை: ஒன்றில் சேறு, மற்றதில் மாவும் சாம்பலும் தெரியும். மண்ணிறம், இள சாம்பல் போன்ற நடுநிறங்கள் அன்றாடம் பொறுக்கும்.

விறகடுப்புப் பக்கத்துக்கும், அம்மி, உரல் வைக்கும் மூலைக்கும் சிவப்புச் சீமெந்துத் தரையை மிஞ்ச ஒன்றுமில்லை. விலையும் குறைவு. உலக்கை விழுந்தாலும் சிறு பள்ளம்தான். 10 கிலோ சீமெந்துக்கு 1 கிலோ சிவப்புக் கலர்த்தூள். அதற்கு மேல் போட்டால் நிறம் கூடாது, பலம்தான் குறையும். தூளையும் சீமெந்தையும் காய்ந்த நிலையில் சல்லடையில் மூன்று தடவை சலித்துக் கலந்துவிட்டே தண்ணீர் சேருங்கள், இல்லாவிட்டால் திட்டுத் திட்டாக இருக்கும். மட்டப்பூச்சு ஈரமாக இருக்கும்போதே மேலே பூசி, இரும்புக் கரண்டியால் இரண்டு தடவை அழுத்தி இழையுங்கள். மறுநாளிலிருந்து ஏழு நாள் ஓர் அங்குலத் தண்ணீர் கட்டி வையுங்கள். பாதியில் காய விட்டால் மயிர்க்கீறல் விழும்.

வைனைல் ஷீட் காலுக்குக் குளிராது. ஆனால் அடியில் ஈரம் இருந்தால் ஒட்டுப் பசை இளகிப் பூஞ்சணம் பிடிக்கும். பொலித்தீன் சோதனையில் தேறிய தரைக்கு மட்டும் போடுங்கள், அடுப்புப் பக்கம் வேண்டவே வேண்டாம். லெமினேட் பலகையைக் குசினியில் நினைக்கவும் வேண்டாம். குளிர்தான் கவலை என்றால் சிங் முன்னால் ஒரு தும்புக் கால்மிதி போடுங்கள். அது கழுவிக் காயப்போடக்கூடியது.

பின்கதவுக்கு வெளியே மூன்றடிச் சதுரத்தில் துடைப்பத்தால் கோடு இழுத்த கொங்கிரீட் மேடையும் ஒரு பைப்பும் வையுங்கள். மலையிலிருந்து வருகிறவர்கள் சேற்றையும் அட்டையையும் அங்கேயே கழுவிவிட்டு வந்தால் உள்ளே எந்தத் தரையும் நீண்ட காலம் நிற்கும்.

ஐந்தாவது: டைல்ஸ் பதித்தல்

விறகடுப்புப் பக்கத்தைக் கழிக்காமல் பார்த்தால், 80 சதுர அடிக்கு 40 சென்ரிமீற்றர் டைல்ஸ் 47 வரும். வெட்டுக்கு 5, பின்னாளைக்கு 4, ஆக 56 வாங்குங்கள். எல்லாப் பெட்டியிலும் தொகுதி எண்ணும் ஷேட் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். 25 கிலோ டைல்ஸ் பசை இரண்டு மூட்டை, இடுக்குப் பொடி 2 கிலோ, 3 மில்லிமீற்றர் இடைவெளித் துண்டுகள், கழுவுமிடங்களுக்குப் பூஞ்சணம் பிடிக்காத சிலிக்கன் ஒரு குழாய்.

பாஸ்மார் (மேசன்மார்) பலர் இன்னும் சீமெந்துச் சாந்தில், நான்கு மூலைக்கும் நடுவுக்கும் ஒவ்வோர் உருண்டை வைத்துப் பதிக்கிறார்கள். உருண்டைகளுக்கு நடுவே வெற்றிடம். சோற்றுப் பானை விழுந்ததும் அந்த இடம் உடைகிறது, உள்ளே இறங்கிய தண்ணீர் அங்கேயே தங்குகிறது. பசையைப் பல் வெட்டிய 8 மில்லிமீற்றர் கரண்டியால் தரை முழுவதும் ஒரே திசையில் கோடாக இழுக்கச் சொல்லுங்கள். பத்து டைல்ஸுக்கு ஒருமுறை ஒன்றைக் கிளப்பிப் பாருங்கள். அடிப்பக்கம் முழுவதும் பசை ஒட்டியிருக்க வேண்டும். பசையில் பதிக்கும் டைல்ஸைத் தண்ணீரில் ஊற வைக்கக்கூடாது. ஊற வைப்பது சீமெந்துச் சாந்தில் பதிக்கும் சுவர் டைல்ஸுக்கு உரிய வேலை.

சுவரோரம் 8 மில்லிமீற்றர் சந்து விடுங்கள். பக்கப்பட்டி அதை மறைத்துவிடும். சந்தில்லாமல் சுவரோடு இறுக்கினால் டைல்ஸ் விரியும் நாளில் நடுவில் கூடாரம் போல் எழும்பும். முன்பு அடையாளம் வைத்த, வெட்டிய மண்ணும் நிரப்பிய மண்ணும் சேரும் கோட்டில் ஓர் இடுக்கு வருமாறு டைல்ஸை அடுக்கி, அதில் மட்டும் சீமெந்துக்குப் பதில் சிலிக்கன் போடுங்கள். பதித்த பிறகு மலைக் குளிரில் 48 மணி நேரம் மிதிக்காதீர்கள், அதன் பிறகே இடுக்குப் பொடி. சிங் அருகே மட்டும் எப்பொக்சி இடுக்குக் கலவை வாங்கினால் கறுக்காது. விலை கூடியது என்பதால் முழுத் தரைக்கும் தேவையில்லை.

ஆறாவது: சுவர்

மேடைக்கு மேல் 2 அடி டைல்ஸ், சிங்கின் பின்னாலும் கேஸ் அடுப்பின் பின்னாலும். விறகடுப்புச் சுவருக்குச் சுண்ணாம்பு அடியுங்கள். அது ஈரத்தை உள்ளே அடைக்காமல் வெளிவிடும், காரத்தன்மையால் பூஞ்சணமும் எளிதில் பிடிக்காது, கரி ஏறினால் தைப்பொங்கலுக்கு முன் மறுபடி ஒரு பூச்சு. ஈரச் சுவரில் இனாமல் பெயின்ற் அடித்தால் கொப்புளம் போட்டு உரியும். இமல்ஷன் அடிப்பதானால் புதுப் பூச்சு குறைந்தது இரண்டு மாதம் காயட்டும், முதலில் காரம் தாங்கும் பிரைமர். பூஞ்சணம் வந்த இடத்தை ஒரு பங்கு பிளீச், நான்கு பங்கு தண்ணீரில் கழுவுங்கள். அதோடு கழிவறை அசிட் சேர்க்காதீர்கள். நச்சு வாயு எழும்.

தகரக் கூரைக்கு அடியில் சீலிங் இல்லாத குசினியில் விடியற்காலை பனி வியர்த்துச் சொட்டும். சீலிங் போட்டால் நிற்கும், ஆனால் விறகடுப்புக்கு நேர் மேலே பி.வி.சி. வேண்டாம்.

ஏழாவது: மேடை

உயரத்தை அளந்துதான் கட்ட வேண்டும். அதிகம் சமைப்பவரின் முழங்கை உயரத்திலிருந்து 4 அங்குலம் கழித்தால் வருவது மேடையின் மேல்மட்டம். பெரும்பாலும் 32 முதல் 34 அங்குலம். விறகடுப்பு மேடை அதை விடத் தாழ்வாக இருக்கட்டும், பானையின் உயரம் சேர்கிறதே. ஆழம் 24 அங்குலம்.

கிரனைட் நல்லது. 18 முதல் 20 மில்லிமீற்றர் கனம், அடியில் 3 அங்குலக் கொங்கிரீட். ரொட்டி மா பிசையவும் தட்டவும் அதைப் போல் வாகானது இல்லை. வாங்கும்போது துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கித் தேசிக்காய்ச் சாறு பத்து நிமிடம் விட்டுத் துடையுங்கள். மங்கினால் அது கிரனைட் அல்ல. தின்னர் நனைத்த வெள்ளைத் துணியால் தேய்க்கும்போது கறுப்பு ஒட்டினால் சாயம் ஏற்றிய கல். குவார்ட்ஸில் பிசின் கலந்திருக்கிறது. சட்டியை நேரே இறக்கி வைத்தால் தழும்பு மாறாது. முன் விளிம்பு ஓர் அங்குலம் வெளியே நீண்டு, அடியில் தட்டையாக இருக்கட்டும். அப்போதுதான் தேங்காய் துருவியின் திருகைப் பூட்ட முடியும். இதை மறந்து வட்டமாக இழைத்த விளிம்பு போட்டவர்கள் பலர்.

எட்டாவது: பென்ட்ரி

மரத்தூள் பலகையும் எம்.டி.எப்.பும் மலையகத்து ஈரத்தில் சிங்குக்கு அடியில்தான் முதலில் ஊதும். கீழ்ப்பெட்டிகளை அலுமினியத்தில் அல்லது மரைன் பிளைவுட்டில் செய்யுங்கள், மேல்பெட்டிகளுக்கு மெலமைன் போதும். மரம் என்றால் பலகையை வீட்டுக்குள்ளேயே மூன்று வாரம் அடுக்கி வைத்து, பிறகு கதவு வெட்டச் சொல்லுங்கள். கதவுகளுக்கிடையே 3 மில்லிமீற்றர் விட்டால் மழைக்காலத்தில் இறுகாது. பெட்டிகள் 4 அங்குலக் காலில் நிற்க வேண்டும். திட்டுப் பக்கச் சுவரிலிருந்து ஓர் அங்குலம் தள்ளி வையுங்கள். கீல் துருப்பிடிக்காத 304 உருக்காக இருக்கட்டும்.

குடிபுகுமுன் ஒரு வாளித் தண்ணீரைக் குசினி நடுவில் ஊற்றிப் பாருங்கள். முழுவதும் பின்கதவுக்கு ஓட வேண்டும். எங்காவது தேங்கினால் மேசனுக்குக் கடைசித் தவணை கொடுக்குமுன் சரி செய்யச் சொல்லுங்கள். மிஞ்சிய டைல்ஸைப் படுக்க வைக்காமல் நிறுத்தி வையுங்கள். தொகுதி எண்ணையும் ஷேட் எண்ணையும் எழுதி சிங்குக்குக் கீழே உள்ள கதவின் உட்புறம் ஒட்டி விடுங்கள்.